மூன்றாவது குவாட்டர்பேக்

அமெரிக்கன் ஃபுட்பால் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஹெல்மெட், தோளில் கவசம், ஆளாளுக்கு முட்டிக்கொண்டு விழுவது. காலால் உதைப்பதே அபூர்வமாக இருக்கும் ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை :-) நான் எழுத நினைத்தது அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்தைப் பற்றி. பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் குவாட்டர்பேக்கின் இடம். கல்லூரி அணிகளின் சரித்திரத்தில் சில வருடங்கள் அந்த இடத்தில் யார் இருந்தார் என்பதை வைத்தே தீர்மானமாகியிருக்கின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. களத்தில் அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணி முன்னேற வேண்டும், மற்ற அணி தடுக்க வேண்டும். முன்னேறும் அணியில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேருவது குவாட்டர்பேக் என்பவரின் கைக்குத்தான். அவர் அதைத் தூரத்தில் ஓடுபவருக்கு எறியலாம், பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து ஓடவிடலாம், தானே தூக்கிக்கொண்டும் ஓடலாம். எது என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் 130 கிலோ ஆசாமி ஒருவர் அவர்மேல் வந்து விழுவதற்குத் தயாராக இருப்பார். கிரிக்கெட்டில் ஒரு தொடக்க ஆட்டக்காரருக்கு விரல் உடைந்தால் மீதிப் பேர் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். இங்கே குவாட்டர்பேக் போய்விட்டால் மற்ற பத்துப் பேரின் வேலையும் சேர்ந்து மாறிவிடும்.

கல்லூரி ஆட்டத்தில் இது இன்னும் சிக்கல். தொழில்முறை லீகில் ஒருவருக்கு அடிபட்டால், வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் இன்னொருவரைச் சம்பளம் பேசி அந்த வாரமே கூட்டி வந்துவிடலாம். கல்லூரியில் சீசன் தொடங்கிவிட்டால் கையில் இருக்கும் மாணவர்கள்தான். எத்தனை பேரைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. 1990-களிலிருந்து 2024 சீசன் வரை பெரிய அணிகளுக்கு 85 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் கிடையாது. ஓடுபவர்களை, தடுப்பவர்களை மாற்றி மாற்றி இறக்கலாம். குவாட்டர்பேக்கில் ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பயிற்சி நேரத்துக்கும் வாரம் 20 மணி நேரம் என்று விதி இருப்பதால், முதல் அணியோடு பழகும் வாய்ப்பில் பெரும்பகுதி முதல் ஆளுக்கே போய்விடும். இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம். மூன்றாவது ஆள் அடுத்த வார எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார். காப்பீடு எடுத்துவிட்டு பிரீமியம் கட்டாமல் விடுவதற்குச் சமம்தான். ஆனால் கட்டுவதற்கு நேரம் இல்லை என்பதும் உண்மை.

அப்படி விட்டதால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணங்கள் இரண்டு.

2007 நவம்பர் நடுவில் ஆரிகன் பல்கலைக்கழகம் நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடம். அப்போதெல்லாம் முதல் இரண்டு இடத்துக்குத்தான் இறுதியாட்டம். நவம்பர் 15 அன்று அரிசோனாவுக்கு எதிராக அவர்களின் குவாட்டர்பேக் டென்னிஸ் டிக்சனின் முழங்கால், ஏற்கெனவே அடிபட்டிருந்த அதே முழங்கால், முதல் கால்பகுதியிலேயே கைவிட்டது. அந்த ஆட்டம் 34-24 என்று போயிற்று. அடுத்தது யூ.சி.எல்.ஏ.விடம் 16-0. அதாவது இரண்டாம் இடத்தில் இருந்த அணியால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அதற்கடுத்து ஆரிகன் ஸ்டேட்டிடம் 38-31. மூன்று ஆட்டத்தில் ஒரு வருடம் முடிந்தது.

இன்னொன்று 2010 ஜனவரி 7, பாசடீனா, தேசிய இறுதியாட்டம். ஒரு தோல்விகூட இல்லாமல் வந்த டெக்சஸ் அணியின் கோல்ட் மெக்காய்க்கு அணியின் ஐந்தாவது முயற்சியிலேயே தோளில் அடி. கை மரத்துப்போய்விட்டது, பந்தைப் பிடிக்க முடியவில்லை. முதலாமாண்டு மாணவர் காரெட் கில்பர்ட் உள்ளே வந்தார். இடைவேளையில் அலபாமா 24-6. கில்பர்ட் திணறித் திணறி அதை 24-21 வரை கொண்டுவந்தார் என்பதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. அவர் எறிந்த நாலு பந்து எதிரணி கையில் சிக்கியதும், 37-21 என்று முடிந்ததும்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த கதை.

2014 ஆகஸ்ட் 18. கொலம்பஸ் நகரம், ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகம். சீசன் தொடங்க 12 நாள். பிராக்ஸ்டன் மில்லர் பயிற்சியில் ஒரு பந்தை எறிந்தார், வலது தோள் போய்விட்டது. 2012, 2013 இரண்டு ஆண்டும் பிக் டென் லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது வாங்கியவர் அவர். அதே தோளில் அந்த வருடம் பிப்ரவரியில்தான் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சீசன் முழுக்க ஆட முடியாது என்று ஆகிவிட்டது.

அடுத்த ஆள் ஜே.டி. பாரெட். டெக்சஸில் விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊர்க்காரர். பள்ளியில் கடைசி வருடம் முழங்கால் ஜவ்வு கிழிந்து பாதி சீசன் போனவர். 2013 முழுக்க 'ரெட்ஷர்ட்'. அதாவது, படிக்கலாம், பயிற்சி எடுக்கலாம், ஆட்டத்தில் இறங்கக்கூடாது, பதிலுக்கு விளையாடும் தகுதியில் ஒரு வருடம் மிச்சமாகும். அதனால் அவர் அதுவரை ஒரு கல்லூரி ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை.

அவருக்கும் பின்னால் கார்டேல் ஜோன்ஸ். கிளீவ்லாந்துக்காரர், ஆறடி ஐந்து அங்குலம், 110 கிலோவுக்கு மேல். 2012-ல், நாங்கள் இங்கே வந்தது ஃபுட்பால் ஆட, எதற்கு வகுப்புக்கெல்லாம் போக வேண்டும் என்கிற அர்த்தத்தில் ட்விட்டரில் ஒரு வரி எழுதி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானவர். (நம் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கருத்துதான், எழுதி வைப்பதில்லை, அவ்வளவே :-) அவர் 2017-ல் பட்டம் வாங்கிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த வருட வசந்தகாலப் பயிற்சியில் மில்லர் ஓய்வில் இருந்ததால் முதல் அணியோடு பழகும் நேரம் பாரெட்டுக்கும் ஜோன்ஸுக்கும் கிடைத்தது. ஆகஸ்டில் பாரெட் முந்திக்கொண்டார், ஜோன்ஸ் மூன்றாவது ஆளானார். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மில்லரின் தோள் பிப்ரவரியில் கெட்டதால்தான் மற்ற இருவருக்கும் பயிற்சி கிடைத்தது. அதிர்ஷ்டம் எந்த வேஷத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஆரம்பம் மோசம். செப்டம்பர் 6, சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 தோல்வி. பாரெட் எறிந்த 29 பந்தில் 9 மட்டும் நம் ஆள் கையில், 3 எதிரணி கையில். ஏழு முறை அவரைப் பந்தோடு தரையில் சாய்த்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் ஒஹையோ ஸ்டேட்டின் வருடம் முடிந்தது என்ற தொனி. பழியெல்லாம் பாரெட் தலையில். எனக்கென்னவோ இதில் பெரிய அநியாயம் இருப்பதாகப் படுகிறது. குவாட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும் ஐந்து பேரில் நாலு பேர் அந்த வருடம் புதிதாக வந்தவர்கள். முந்தைய வருடத்திலிருந்து மிஞ்சியவர் டெய்லர் டெக்கர் ஒருவர்தான். மில்லரே ஆடியிருந்தாலும் அன்றைக்கு அந்தச் சுவர் இடிந்துதான் இருக்கும். அடிபட்டவர் பெயர் செய்தியில் வரும், அனுபவமில்லாத சுவரின் பெயர் வராது.

சுவர் கெட்டியாகக் கெட்டியாக பாரெட்டும் தேறினார். நவம்பர் 8 அன்று மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 49-37 என்று அடித்தார்கள். எறிந்தும் ஓடியும் அந்த வருடம் அவர் கணக்கில் 45 டச்டவுன், அப்போதைய பிக் டென் சாதனை. நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஐந்தாவது இடம். ஆகஸ்டில் அவர் மாற்று ஆள்!

பிறகு நவம்பர் 29. பரம வைரி மிச்சிகனுக்கு எதிராக, நாலாவது கால்பகுதியின் முதல் முயற்சி. பாரெட்டின் வலது கணுக்கால் முறிந்தது. களத்தில் விழுந்து கிடந்த அவரைப் பார்க்க எதிரணிக் குவாட்டர்பேக் டெவின் கார்ட்னர் வந்து குனிந்து ஆறுதல் சொன்ன படம் அந்த வருடத்தின் நல்ல படங்களில் ஒன்று. ஆட்டம் 42-28 என்று ஜெயித்தார்கள். ஆனால் ஒரு வாரத்தில் லீக் இறுதியாட்டம், அதில் ஆட மூன்றாவது ஆள்தான் மிச்சம்.

அந்த ஒரு வாரத்தில் தலைமைக் கோச் அர்பன் மேயரும் குவாட்டர்பேக்குகளுக்குப் பாடம் எடுத்த டாம் ஹெர்மனும் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஜோன்ஸைப் பாரெட்டாக மாற்ற அவர்கள் முயலவில்லை. பாரெட்டுக்கு நுணுக்கமான குறுகிய எறிதலும் ஓட்டமும் பலம். ஜோன்ஸுக்கு இருந்தது பீரங்கி மாதிரி ஒரு கை. ஆகவே, எஸகீல் எலியட்டிடம் பந்தைக் கொடு, அவன் ஓடட்டும், எதிரணி அவனைப் பிடிக்க முன்னால் வந்து குவிந்ததும் டெவின் ஸ்மித்துக்குத் தூரமாகத் தூக்கி எறி. திட்டம் ஏறக்குறைய இவ்வளவுதான். டிசம்பர் 6, இண்டியானாபொலிஸ், எதிரில் விஸ்கான்சின். முடிவு 59-0. ஜோன்ஸ் எறிந்த 17-ல் 12 சரி, 257 யார்டு, ஸ்மித்துக்கு மூன்று டச்டவுன். எலியட் 220 யார்டு ஓடினார். ஜோன்ஸ் ஒரு கல்லூரி ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடியது அதுதான் முதல் தடவை.

இந்த 59-0-ல் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. ஒன்று கோப்பை. இன்னொன்று ஒரு தேர்வுக்குழுவுக்கான பதில்.

அந்த 2014-ல்தான் கல்லூரி ஃபுட்பாலில் நாலு அணி பிளேஆஃப் வந்தது. எந்த நாலு அணி என்பதைப் புள்ளிக் கணக்கு தீர்மானிக்காது, ஒரு குழு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கும். அந்தக் குழுவின் விதிகளில் ஒன்று, முக்கியமான வீரர் ஆட முடியாமல் போனது அணியைப் பாதித்திருக்கிறதா, இனிமேல் பாதிக்குமா என்பதையும் பார்க்கலாம் என்கிறது. கடைசி வாரத்துக்கு முன் டி.சி.யூ. மூன்றாவது, ஒஹையோ ஸ்டேட் ஐந்தாவது. மூன்றாவது குவாட்டர்பேக்கோடு வரும் அணியை எதற்கு எடுக்க வேண்டும் என்பதே கேள்வி. 59-0 பார்த்த பிறகு ஒஹையோ ஸ்டேட் நாலாவது இடத்துக்கு ஏறியது. அதே வாரம் அயோவா ஸ்டேட்டை 55-3 என்று அடித்த டி.சி.யூ. ஆறாவது இடத்துக்கு இறங்கியது. (55-3 ஜெயித்து மூன்று இடம் இறங்குவது எப்படி என்று அந்த ஊர் மக்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.)

அதன்பின் நடந்தது சினிமா. 2015 ஜனவரி 1, நியூ ஆர்லியன்ஸ், முதலிடத்தில் இருந்த அலபாமா 21-6 என்று முன்னால் போய், கடைசியில் 42-35 என்று தோற்றது. எலியட் 230. ஜனவரி 12, ஆர்லிங்டன், ஆரிகன் அணியும் அதன் ஹைஸ்மன் வீரர் மார்கஸ் மரியோட்டாவும். 42-20. எலியட் 246. மூன்று ஆட்டத்தில் 696 யார்டு. ஜோன்ஸ் தன் வாழ்க்கையில் தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் மூன்று ஆட்டங்கள் லீக் இறுதி, தேசிய அரையிறுதி, தேசிய இறுதி. மூன்றும் வெற்றி.

இங்கேயே முடித்தால் நல்ல கதை. அடுத்த வருடத்தைப் பற்றி ஒஹையோக்காரர்கள் பேசவே மாட்டார்கள். மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்! ஜோன்ஸ் தொழில்முறைக்குப் போவார் என்று எல்லோரும் நினைக்க, தான் படித்த பள்ளியில் கூட்டம் போட்டு இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்றார். மில்லர் தோள் ஒத்துழைக்காததால் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறினார். பாரெட்டா ஜோன்ஸா என்ற கேள்வி வருடம் முழுக்க ஓடியது. ஜோன்ஸ் முதல் ஏழு ஆட்டம் தொடங்கினார், அப்புறம் பாரெட், பாரெட் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய விவகாரத்தில் ஒரு ஆட்டம் வெளியே, மறுபடி ஜோன்ஸ், மறுபடி பாரெட். ஹெர்மன் வேறு ஹூஸ்டனுக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். நவம்பர் 21 அன்று மிச்சிகன் ஸ்டேட்டிடம் கடைசி வினாடியில் 17-14 தோல்வி. அந்த ஆட்டத்தில் எலியட்டுக்குப் பந்து கொடுத்ததே 12 முறைதான். 12-1, கோப்பை கிடையாது. முந்தைய வருடம் பற்றாக்குறை, வேறு வழியில்லாததால் முடிவு சுலபமாக இருந்தது. 2015-ல் கை நிறைய ஆள், முடிவு எடுக்க முடியவில்லை. மூவரில் ஒருவர்கூட தொழில்முறை லீகில் நிலையான குவாட்டர்பேக்காக வரவில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கார்டேல் ஜோன்ஸ் ஏன் அந்த மூன்றாவது இடத்தில் இருந்தார்? 2012-ல் சேர்ந்து, இரண்டு வருடம் ஏறக்குறைய எதுவும் ஆடாமல், பின்னால் வந்த பையன் தன்னை முந்திய பிறகும் ஏன் உட்கார்ந்திருந்தார்? பொறுமை ஒரு காரணமாக இருக்கலாம். விதி நிச்சயமாக ஒரு காரணம். அப்போது பட்டம் முடிக்காமல் இன்னொரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பொதுவாக ஒரு முழு வருடம் ஆடாமல் இருக்க வேண்டும். ஆடாமல் இங்கே இருப்பதற்கும் ஆடாமல் அங்கே இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த வேலி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது, மாற விரும்புபவர் பெயரைப் பதிந்தால் போதும், மற்ற கோச்கள் கூப்பிடலாம். 2021-ல் முதல் முறை மாறுபவர் உடனே ஆடலாம் என்றார்கள். அதே வருடம் ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கவும் அனுமதி. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது.

இடைப்பட்ட காலத்துக்கு ஜேலன் ஹர்ட்ஸ் நல்ல உதாரணம். 2018 ஜனவரி 8, அட்லாண்டா, தேசிய இறுதி. ஜார்ஜியாவிடம் 13-0 என்று பின்தங்கியிருந்த அலபாமா இடைவேளையில் ஹர்ட்ஸை உட்காரவைத்து முதலாமாண்டு டுவா டகோவைலோவாவை இறக்கி 26-23 என்று ஜெயித்தது. ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை. அந்த டிசம்பர் 1, அதே மைதானம், அதே ஜார்ஜியா, லீக் இறுதி. 28-21 பின்தங்கியிருக்கையில் டுவாவுக்குக் கணுக்காலில் அடி. ஹர்ட்ஸ் வந்து ஒரு டச்டவுன் எறிந்து, ஒன்று தானே ஓடி, 35-28. பிறகு பட்டத்தை வாங்கிக்கொண்டு ஓக்லஹோமாவுக்குப் போனார். ஜோ பர்ரோவுக்கு வேறு மாதிரி. 2017 ஆகஸ்டில் ஒஹையோ ஸ்டேட்டில் இரண்டாவது இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தவருக்குப் பயிற்சியில் கையில் எலும்பு முறிந்தது, இடம் டுவேன் ஹாஸ்கின்ஸுக்குப் போனது. நவம்பரில் மிச்சிகனுக்கு எதிராக பாரெட்டுக்கு (ஆமாம், அதே பாரெட்!) முழங்காலில் பிரச்சினை வந்தபோது உள்ளே வந்து ஜெயித்தவர் ஹாஸ்கின்ஸ். 2018-ல் பர்ரோ எல்.எஸ்.யூ.வுக்குப் போனார், 2019-ல் 60 டச்டவுன் எறிந்து 15-0 என்று கோப்பை வாங்கினார். மாறிப்போவது வீரருக்கு நல்லதா என்று கேட்டால் இந்த இரண்டு பேரைப் பார்த்து நான் தயங்காமல் ஆமாம் என்பேன். ஒரு மாணவன் தன் நாலு வருடத்தை இன்னொருவர் காலில் அடிபடட்டும் என்று காத்திருந்து கழிக்க வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அப்படிக் காத்திருந்தவர்களை நம்பித்தான் அணிகள் இருந்தன.

இந்த இடத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் வருகிறது.

2023-ல் மைக் நார்வெல்லின் அணி போர்ட்டலால் எழும்பிய அணி. பந்து பிடிக்கும் கியான் கோல்மன் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து, தடுப்பில் ஜாரெட் வெர்ஸ் ஆல்பனியிலிருந்து. குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸே 2019-ல் லூயிவில்லிலிருந்து வந்தவர்தான். வந்த வழியாகவே போகவும் செய்தார்கள். 2022-ல் சேர்ந்த ஏ.ஜே. டஃபி என்ற இளம் குவாட்டர்பேக் 2023-ல் சான் டியேகோ ஸ்டேட்டுக்கு மாறினார். அன்றைக்கு அது யாருக்கும் பெரிய செய்தியில்லை.

நவம்பர் 18, டாலஹாசி. நார்த் அலபாமா என்ற சிறிய அணியோடு ஆட்டம், எப்படியும் ஜெயித்துவிடுவார்கள். 58-13 என்று ஜெயித்தும்விட்டார்கள். ஆனால் முதல் கால்பகுதியில் டிராவிஸின் கால் போய்விட்டது, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் இரண்டாவது ஆள் டேட் ரோடமேக்கர், ஃபுளோரிடாவை அவர்கள் ஊரில் 24-15. அதில் ரோடமேக்கருக்குத் தலையில் அடி. டிசம்பர் 2, சார்லட், லீக் இறுதி, எதிரில் லூயிவில். இறங்கியவர் முதலாமாண்டு மாணவர் பிராக் கிளென்.

ஜோன்ஸும் மூன்றாவது ஆள், கிளெனும் மூன்றாவது ஆள். இருவரும் தொடக்கத்திலிருந்து ஆடிய முதல் ஆட்டம் லீக் இறுதி. வித்தியாசம், ஜோன்ஸ் மூன்றாவது வருடத்தில் இருந்தார், கிளென் கல்லூரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிளென் எறிந்த 21-ல் 8 சரி, 55 யார்டு. தடுப்பு அணி லூயிவில்லுக்கு ஒரு டச்டவுன்கூட விடாமல் பிடித்து வைக்க, 16-6 வெற்றி. 13-0. முழு வருடமும் தோல்வி இல்லை.

மறுநாள் குழு அறிவித்த நாலு அணி: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. பெரிய லீக் ஒன்றில் தோல்வியே இல்லாமல் கோப்பை வாங்கிய அணி நாலுக்குள் வராமல் போனது அதுதான் முதல் முறை. குழுத் தலைவர் பூ கோரிகன் சொன்ன காரணத்தின் சாரம், டிராவிஸ் இல்லாத அணி வேறு அணி என்பது. 2014-ல் ஒஹையோ ஸ்டேட் விஷயத்தில் இருந்த அதே விதி.

பி.காம். படிப்பவனுக்கு இதைப் பார்த்ததும் கணக்குப் பதிவியல் பாடம் ஞாபகம் வராமல் இருக்காது. முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு வை. கடன் வாங்கியவர் இன்னும் ஏமாற்றவில்லை, ஆனாலும் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒரு தொகையைக் கழித்துவிடுவோம். குழு ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு அதைத்தான் செய்தது. இன்னும் நடக்காத தோல்வியை முன்கூட்டியே பற்றெழுதியது. கணக்கில் அது நல்ல பழக்கம், பணம் போட்டவரைக் காப்பாற்றும். விளையாட்டில் ஒதுக்கு வைப்பதற்கு யாருக்கு உரிமை? நடந்த 13 ஆட்டம் ரொக்கம். அதை வைத்துக்கொண்டு வரவு இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுபக்க வாதமும் லேசானதல்ல என்பதைச் சொல்ல வேண்டும். அலபாமா அந்த வாரம்தான் 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்த ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியிருந்தது, 55 யார்டு எறிந்த அணியையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பலமான அணி என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. பலமான நாலு அணியா, அதிகம் சாதித்த நாலு அணியா என்பதில் குழு முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. 2014-ல் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும்படி ஜோன்ஸ் 59-0 அடித்துக் கொடுத்ததால் குழு கையைக் கடித்துக்கொள்ளாமல் தப்பித்தது.

டிராவிஸ் எழுதியது மனதைப் பிசையும். என் கால் சீசனில் இன்னும் முன்னதாகவே உடைந்திருக்கக் கூடாதா, குவாட்டர்பேக்கைத் தாண்டியும் எங்கள் அணி எவ்வளவோ பெரியது என்று நீங்கள் பார்த்திருப்பீர்களே என்ற அர்த்தத்தில். தன் கால் உடைந்ததற்காக ஒரு பையன் நண்பர்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டிய நிலை.

அப்புறம் அரசியல்வாதிகள் புகுந்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் குழுவிடம் ஆவணங்கள் கேட்டார், ஆளுநர் வழக்குச் செலவுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கப் பரிந்துரைத்தார். பல்கலைக்கழகம் டிசம்பர் 22 அன்று தன் லீகிலிருந்து வெளியேறும் கட்டணத்தை எதிர்த்து வழக்கே போட்டது. அந்த மனக்கசப்பு பழையது, இந்த விலக்கல் அதற்கு எண்ணெய். 2025 மார்ச்சில்தான் சமரசம் ஆனது.

களத்திலோ நிலைமை பரிதாபம். டிசம்பர் 30, ஆரஞ்ச் பவுல், எதிரில் ஜார்ஜியா. கோப்பை இல்லாத ஆட்டத்தில் உடம்பை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்று தொழில்முறைக்குப் போகிறவர்கள் விலகினார்கள், வேறு பலர் போர்ட்டலுக்குப் போனார்கள். ரோடமேக்கரும் போய்விட்டார். மறுபடியும் கிளென். 63-3. பவுல் ஆட்டங்களின் சரித்திரத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அதுவரை இல்லை. பார்த்தீர்களா, குழு சொன்னது சரிதான் என்று சிலர் எழுதினார்கள். அது போங்கு வாதம். நாலுக்குள் எடுத்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் ஆடியிருப்பார்கள். ஒதுக்கு வைத்ததே வாராக்கடனை உண்டாக்கியது. அடுத்த வருடம், 2024-ல், அந்த அணி 2-10. டிராவிஸ் ஒரு தொழில்முறை ஆட்டத்தில்கூட இறங்க முடியாமல் 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார், அந்தக் கால் முழுதாகச் சரியாகவே இல்லை.

2024-ல் பிளேஆஃப் 12 அணியாக விரிந்தது. முதல் வருடமே சோதனை வந்தது. டிசம்பர் 7, லீக் இறுதியில் டெக்சஸுக்கு எதிராக ஜார்ஜியாவின் கார்சன் பெக்குக்கு எறியும் கையின் முழங்கையில் ஜவ்வு கிழிந்தது. இடைவேளைக்குப் பின் இறங்கிய கன்னர் ஸ்டாக்டன் கூடுதல் நேரம் வரை இழுத்து 22-19 என்று முடித்தார். இந்த முறை யாரும் ஜார்ஜியாவின் இடத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை, லீக் சாம்பியன் என்பதால் நேராகக் காலிறுதி. 2025 ஜனவரி 2, நியூ ஆர்லியன்ஸ், ஸ்டாக்டன் தொடங்கினார், நோட்ரடேம் 23-10 என்று ஜெயித்தது. பெக் போர்ட்டல் வழியாக மயாமிக்குப் போனார். 2020-ல் சேர்ந்து மூன்று வருடம் பெஞ்சில் காத்திருந்து இடம் பிடித்தவர் அவர். 2022-ல் வந்து அவருக்குப் பின்னால் காத்திருந்த ஸ்டாக்டன், 2025 சீசனில் ஜார்ஜியாவின் முதல் குவாட்டர்பேக்காக இறங்கினார்.